சாதாவா, ஸ்பெஷலா?

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் பையன் கேட்கிறான்: "ஸ்பெஷலா சார், சாதாவா?"

இந்தக் கேள்வியில்தான் நம் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். பின்னால் நாலு வண்டிகள் நிற்கும்போது "சாதா" என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. என் நண்பர் ஒருவர் தம் சின்னஞ்சிறு காருக்கு வருஷக்கணக்காக ஸ்பெஷலே ஊற்றி வருகிறார். "குழந்தைக்கு நல்ல பாலாகப் பார்த்து வாங்குவதில்லையா?" என்பார். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதல்ல; பொறுமையை அளப்பது. என்ஜினுக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவை, ப்ளக்கில் பிறந்த தீ தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு மூலை தானாகவே வெடித்தால் 'டக்டக்' என்று தட்டும் ஓசை கேட்கிறது. இப்படி அவசரப்படாத ஐஸோ ஆக்டேனுக்கு 100 மார்க். பதறி வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0. அளவுகோல் இவ்வளவுதான்.

அழுத்தம் மிகுந்த என்ஜினுக்கு இந்தப் பொறுமை அவசியம். காருடன் வந்த புத்தகத்தில் உயர்ந்த ஆக்டேன் வேண்டும் என்று எழுதியிருந்தால் கொடுத்தே தீரவேண்டும். அங்கே கஞ்சத்தனம் கூடாது. கேட்காத என்ஜினுக்குக் கொடுப்பதோ, காய்ச்சல் இல்லாதவனுக்குக் கஷாயம் கொடுப்பது போலத்தான்.

அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்னும் மோட்டார் சங்கம் 2016-ல் இதைச் சோதித்தது. சாதாப் பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் ஸ்பெஷலை ஊற்றியதால் வேகத்திலோ, சிக்கனத்திலோ, புகையிலோ சொல்லிக்கொள்ளும்படியான லாபம் இல்லை. முந்தைய ஓராண்டில் அந்நாட்டார் இப்படி விரயம் செய்தது 210 கோடி டாலருக்கும் மேல் என்றும் அது கணக்கிட்டது.

"என்ஜின் சுத்தமாகிறதே, ஐயா!" என்கிறார் நண்பர். அழுக்கு நீக்கும் மருந்து வேறு, ஆக்டேன் வேறு. இரண்டையும் ஒரே குழாயில் விற்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

"நீர் கதை எழுதுகிறவர், என்ஜினைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டார். என்ஜினைப் பற்றித் தெரியாமல் போகட்டும். மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். நாலு பேர் முன்னால் "சாதா" என்று சொல்லக் கூசி நானும் ஒரு வருஷம் தண்டம் அழுதவன்தான். அந்தப் பணத்தில் ஆயிலை வேளைக்கு மாற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்திருந்தால் வண்டி என்னை வாழ்த்தியிருக்கும்.

இப்போது உரக்கவே சொல்கிறேன்: "சாதா, தம்பி!"