சங்கத்துச் சரக்கும் வண்டியின் எடையும்

மணிலா வரத்து மும்முரமாக இருக்கும் நாட்களில் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாயிலில் சற்று நேரம் நின்று பார்த்த அங்கத்தினர் எவருக்கும் நாம் சொல்லப் போகும் விஷயம் புதிதாக இராது. மூட்டைகள் வண்டியின் பக்கப் பலகைகளைத் தாண்டி எழும்பி நிற்கும். அவற்றின் மேல் சரக்குக்குரியவரும் அவருடைய மைத்துனரும் சுமை தூக்குவோர் இருவரும் அமர்ந்திருப்பர். பின் சக்கரங்களின் மேலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் வளைவு நீங்கி நேராகிவிட்டிருக்கும். “இந்த வண்டி எவ்வளவு தாங்கும்?” என்று கேட்டால், “எவ்வளவு வைத்தாலும் இழுக்குமுங்க” என்பார் ஓட்டுநர். நாம் கேட்டது தாங்குவதைப் பற்றி. அவர் சொன்னது இழுப்பதைப் பற்றி.

முன்னாளில் பார வண்டி ஓட்டியவருக்கு இந்த ஐயம் எழுந்ததில்லை. பாரம் மிகுந்தால் மாடு மூச்சிரைக்கும், மேட்டில் நின்றுவிடும், வண்டிக்காரர் இறங்கி இரண்டு மூட்டையைக் குறைப்பார். எஞ்சினுக்கு அந்த நாணம் கிடையாது. ஆகையால் மாடு சொல்லி வந்ததை இப்போது காகிதத்தில்தான் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதம் வண்டியின் பதிவுச் சான்றிதழ். அதில் எடையைப் பற்றி இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, சுமையில்லாத வண்டியின் எடை. மற்றொன்று, சுமையோடு அவ்வண்டி எட்டக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே ஏற்றத்தக்க பாரம். இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்றிருக்கிறது. 1988ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டம் சுமையில்லாத எடையைக் கணக்கிடும்போது ஓட்டுநரையும் உதவியாளரையும் சேர்ப்பதில்லை. ஆகவே வண்டியில் ஏறும் ஒவ்வொரு மனிதரும் பாரத்தில் சேர்ந்தவரே.

நம் பக்கத்தில் ‘குட்டியானை’ என்று வழங்கும் சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தபோது அதற்கு விதிக்கப்பட்ட பாரம் 750 கிலோ. ஓட்டுநர், சுமையாள், சரக்குக்குரியவர் என மூவர் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ வீதம் 195 கிலோ போய்விடுகிறது. மிஞ்சுவது 555. மணிலா மூட்டை 80 கிலோ என்றால் ஆறு மூட்டை ஏற்றலாம். ஏழாவது மூட்டை ஐந்து கிலோவினால் வரம்பை மீறுகிறது. அதே வண்டியில் பதினைந்து மூட்டை ஏற்றுவதை வழக்கம் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள்.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதே கணக்குத்தான். கைத்தறிக்கு வரும் சிட்டா நூலில் பேல் ஒன்றுக்கு 40 கட்டுகள். அதன் எடை 181 கிலோவுக்குச் சற்று மேல். நான்கு பேல் ஏற்றினால் 726 கிலோ ஆகி, ஓட்டுநருக்கே இடமில்லாமற் போகிறது. மூன்று பேல்தான் முறை. நெய்த துணியோ நூலைப்போல் இறுகிக் கிடப்பதில்லை; அது எடையில் மீறுவதற்கு முன்னர் உயரத்திலும் பக்கவாட்டிலும் மீறிவிடும். சுமை பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் சட்டப்படி தனிக் குற்றம்.

கண்ணளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதை அறிய நம் ஊர்ச் செராமிக் தொழிற்பேட்டையைவிடச் சிறந்த இடமில்லை. வைக்கோல் வைத்துக் கட்டிய பீங்கான் சாமான்கள் வண்டி நிறைய ஏறினாலும் பாரம் அதிகமிராது. சூளைக்குப் போகும் ஈரக் களிமண்ணோ, மேற்சொன்ன சிறு வண்டியின் ஏழடி நீளத் தளத்தில் பரப்பினால், ஒரு சாண் உயரம் வருவதற்குள் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். பார்ப்பவருக்கு வண்டி காலியாகத் தோன்றும். “இன்னும் கொஞ்சம் கொட்டு” என்ற குரல் அங்கேதான் எழுகிறது.

இனி ஓட்டுநர் உரிமத்தின் விஷயத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 6ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பை அளித்தது. இலகுரக மோட்டார் வாகன உரிமம் பெற்றவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம், அதற்கெனத் தனி மேற்குறிப்பு தேவையில்லை என்பது அதன் சாரம். 2017ஆம் ஆண்டு முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னதையே இது உறுதிப்படுத்தியது. ‘பேட்ஜ்’ இல்லை என்று சொல்லி, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்து வந்த நிலை இதனால் மாறிற்று. ஏழை ஓட்டுநர்களுக்கும் அவர்களை நம்பிய சங்கங்களுக்கும் இது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இத்தீர்ப்பைத் திண்ணைகளில் பேசுகிறவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் செயலாளரே, “ஏழரை டன் வரை ஏற்றலாமென்று கோர்ட்டே சொல்லிவிட்டதே, ஐயா” என்றார். கோர்ட் சொன்னது வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடையைப் பற்றி. அதுவும் யார் ஓட்டலாம் என்பதைப் பற்றி. ஏழரை டன் மொத்த எடையுள்ள வண்டியில் ஏற்றத்தக்க பாரம் சுமார் நான்கு டன்தான். குட்டியானையின் பாரத்தை எந்த நீதிமன்றமும் ஒரு கிலோகூட உயர்த்தவில்லை. மொத்த எடை 7,500 கிலோவைக் கடந்த லாரிக்கு அதற்குரிய உரிமம் முன்போலவே வேண்டும்.

வரம்பை மீறினால் என்ன ஆகும்? 2019 செப்டம்பர் முதல் அமலில் உள்ள திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்; மிகுதியை இறக்கும் செலவு தனி. எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமற் போனால் 40,000 ரூபாய். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அவ்வாறு ஓட்டச் செய்கிறவரும், ஓட்ட அனுமதிக்கிறவரும் இதற்குப் பொறுப்பாளிகள். வாடகை வண்டிதானே என்று நிர்வாகக் குழு ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

அபராதத்தைவிட நமக்கு அச்சம் தருவது நஷ்டஈடு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவர் இறந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2002ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்மானித்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சரக்குக்குரியவருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டும் இடமுண்டு. மூட்டைமேல் அமர்ந்திருக்கும் மைத்துனருக்கு இல்லை. உரிமத்தில் குறை இருந்தாலோ, காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்குரியவரிடம் வசூலித்துக்கொள்ளும் வழி 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் விளக்கப்பட்டது. சங்கம் சொந்த வண்டி வைத்திருந்தால், அந்த வசூல் அங்கத்தினர்கள் நூறும் இருநூறுமாகச் செலுத்திய பங்குத் தொகையின் மீதுதான் வந்து விழும். உரிமத்தை நியாயமான கவனத்தோடு சரிபார்த்தே அமர்த்தினோம் என்று காட்ட முடிந்தால் பெரும்பாலும் தப்பலாம். அதற்குக் கோப்பில் ஒரு நகல் இருக்க வேண்டும். பத்துச் சங்கங்களில் இரண்டிலாவது அதைக் கண்டோமென்று சொல்ல நமக்கு ஆசை.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை இதற்கென்றே சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலையின் தேய்மானம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. நம் கிராமச் சாலை ஏன் ஒரு மழைக்குத் தாங்கவில்லை என்று ஒப்பந்தக்காரரை மட்டும் ஏசுவது முழு நியாயமாகாது.

“இரண்டு நடை அடித்தால் வாடகை இரட்டிப்பாகுமே, கூலி கட்டுமா?” என்று அங்கத்தினர்கள் கேட்பது நமக்குத் தெரியும். கேள்வி நேர்மையானது. மணிலா விலை இறங்கிய வருஷத்தில் ஒரு நடையின் வாடகை ஒரு குடும்பத்தின் வாரச் செலவு. ஆனால் குற்றம் இங்கே ஓட்டுநரிடமோ விவசாயியிடமோ இருப்பதாக நாம் கருதவில்லை. சங்கங்கள் வாடகையை ‘நடை’க்கு இவ்வளவு என்று பேசுகின்றன. நடைக்கு என்று பேசினால், ஒரே நடையில் எல்லாவற்றையும் திணிக்கவே எவருக்கும் தோன்றும். டன்னுக்கு இவ்வளவு என்று பேசி, எடை மேடைச் சீட்டின் பேரில் பணம் கொடுத்தால் அந்தத் தூண்டுதல் குறையும். பக்கத்துப் பக்கத்துச் சங்கங்கள் இரண்டு சேர்ந்து, ஒன்றேகால் டன் ஏற்றும் வண்டியையோ அதைவிடப் பெரியதையோ அமர்த்திக்கொண்டால், மூட்டைக்கு விழும் வாடகை குட்டியானையின் இரண்டு நடையைவிடக் குறைவாக வருவதற்கு இடமுண்டு. இதைச் செய்து பார்த்த சங்கம் எதுவாயினும் தன் கணக்கை இப்பத்திரிகைக்கு எழுதியனுப்பினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அடுத்த ஆய்வின்போது போக்குவரத்துச் செலவுச் சீட்டுகளோடு வண்டியின் எண், பதிவுச் சான்றிதழிலுள்ள இரண்டு எடைகள், ஓட்டுநர் உரிமத்தின் நகல், எடை மேடைச் சீட்டு ஆகியவற்றையும் கேட்க எண்ணியிருக்கிறோம். செயலாளர்கள் இப்போதே ஒரு கோப்பைத் திறந்து வைப்பார்களாக.