பொன்னி மூட்டைக்கு ஓர் இடம்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விடிகாலையில் சிங்கப்பூரின் தேக்காப் பக்கம் நடந்து பாருங்கள். ஐந்தடிப் பாதையில் முறுக்கு டின், ஊதுவத்திப் பெட்டி, பொன்னி அரிசி மூட்டை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். லாரி நெடுநேரம் நிற்க முடியாது. இறக்கிய வேகத்தில் மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம், கல்லாவுக்குப் பின்னால் கொஞ்சம் என்று திணிப்பார்கள். மிச்சம் வெளியில்தான்.

2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்டவை, இருபதடிக் கொள்கலன் கணக்கில், 4 கோடியே 11 லட்சம். 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம் முழுமையடையும்போது ஆண்டுக்கு ஆறரைக் கோடி கையாளும். இவற்றில் பெரும்பாலானவை இங்கே இறங்கி வேறு கப்பலில் ஏறிப் போய்விடுபவை. இவ்வளவு பெரிய துறைமுகம் இருக்கும் ஊரில், சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் நம் சரக்கை வைக்க இடமில்லாமல் சிறு கடைக்காரர் தவிக்கிறார்.

சரக்கை வரவழைக்க அவருக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. முழுக் கொள்கலன் எடுத்தால் ஒரு பெட்டிக்கு விழும் செலவு குறையும். ஆனால் இருபதடிக் கொள்கலனில் ஏறக்குறைய 28 கன மீட்டர் சரக்கு அடங்கும். அத்தனையும் ஒரே நாளில் வாசலுக்கு வந்து நின்றால் எங்கே வைப்பது? பிறரோடு பகிர்ந்து அனுப்பினால் கன மீட்டர் கணக்கில் கட்டணம் கட்டினால் போதும். ஆனால் கொள்கலன் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். கூட வரும் ஒருவருடைய தாளில் பிழை இருந்தாலும் எல்லாருடைய பெட்டியும் மாட்டிக்கொள்ளும்.

தாமதம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த 2024இல், இங்கே கொள்கலன் கப்பல்கள் கரையணைய சராசரியாக இரண்டு மூன்று நாள் காத்திருந்தன. கெப்பல் முனையத்தின் பழைய தளங்களை மீண்டும் திறந்து சமாளித்தார்கள். துறைமுகத்துக்கு அது சில நாள் நெரிசல். பண்டிகைச் சரக்குக்காரருக்கோ அந்த மூன்று நாளில் வியாபாரமே கைவிட்டுப் போகும். அதற்குப் பயந்து முன்னதாகவே வரவழைத்தால் மறுபடியும் இடப் பிரச்சினை. இறக்குமதியின்போதே 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்டியாக வேண்டும். உரிமம் பெற்ற கிடங்கில் வைத்தால், சரக்கை வெளியே எடுக்கும்போது வரி கட்டினால் போதும். அந்த வசதியைத் தனி ஆளாகப் பெறும் அளவுக்கு ஒரு மளிகைக்கடையில் சரக்குப் புரள்வதில்லை.

சேமித்து வைப்பதன் அருமை இந்த நாட்டுக்குத் தெரியாததில்லை. பொன்னி உள்ளிட்ட அரிசி வகைகளை இறக்குமதி செய்பவர், தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கை அரசு குறித்த கிடங்கில் இருப்பு வைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது அதன் அவசியம் புரிந்தது. அரிசிக்குச் செய்ததை மற்றச் சரக்குக்கு வியாபாரிகள் தாங்களாகவே செய்துகொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்ந்து இடம் எடுப்பது நமக்குப் புதிதுமில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. அவை சரக்குக் கிடங்குகள் அல்ல, லேவாதேவி நடந்த இடங்கள். நீண்ட ஒரே கூடத்தில் பல கடைகள். ஆளுக்கொரு பெட்டியடி (கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம்), ஓர் அலமாரி, சமையல் பொது, இரவில் அங்கேயே படுக்கை. தனியாக ஒரு கட்டடம் எடுக்க வேண்டிய தேவையே ஒருவருக்கும் வரவில்லை. இடத்தைப் பகிர்ந்தார்கள், தொழிலை அவரவர் தனியே நடத்தினார்கள்.

இன்று பத்து மளிகைக் கடைகள் சேர்ந்தால் துவாஸ் பக்கமோ ஜூரோங்கிலோ ஒரு கிடங்கு எடுக்கலாம். ஒரே இடத்திலிருந்து கொள்கலனை நிரப்பி வரவழைத்து, தேவைப்படும்போது சிறு வண்டியில் தேக்காவுக்குக் கொண்டுவரலாம். போட்டிக்காரருக்குத் தன் கொள்முதல் விவரம் தெரிந்துவிடுமே என்ற அச்சம்தான் பெரிய தடை. அது நியாயமான அச்சமும்கூட. அதனால் கிடங்கை நடத்துவது கடைக்காரர்களில் ஒருவராக இருக்கக் கூடாது, பொதுவான அமைப்பாக இருக்க வேண்டும். தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியா வியாபாரிகளுக்கு லிஷா என்ற சங்கம் இருக்கிறது. நூற்றாண்டு கண்ட இந்திய வர்த்தகத் தொழிற்சபையும் இருக்கிறது. அடுத்த தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் போடுவதற்கு முன் இவ்விரு அமைப்புகளும் கடைக்காரர்களை ஒருமுறை கூட்ட வேண்டும். வருகிறவர்கள் மாதத்துக்கு எத்தனை கன மீட்டர் சரக்கு வரவழைக்கிறோம் என்ற ஒரே ஓர் எண்ணை எழுதி எடுத்து வரட்டும்.