பியானோவின் விலையும் அதை மதிப்பிடும் சொற்களும்

கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், பியானோ கற்கும் பிள்ளைக்காகச் சில லட்சம் ரூபாய் விலையுள்ள டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்க முனைகிறது எனக் கொள்ளலாம். கடை கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கொச்சியிலோ இருக்கும். விளக்கத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். 88 கட்டைகள், ஒரே நேரத்தில் 256 ஒலிகள், புகழ்பெற்ற கச்சேரிப் பியானோவிலிருந்து பதிவுசெய்த நாதம் என்று விற்பனையாளர் அடுக்குவார். இவற்றுள் பிள்ளையின் விரலுக்கும் செவிக்கும் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துக் கேட்கும் சொல் அக்குடும்பத்திடம் இல்லை. இறுதியில் அவர்களுக்கு விளங்கும் ஒரே அளவுகோல் விலை. மதிப்பிடும் சொல் கைவசம் இல்லாதவருக்கு விலையே தரமாகிவிடுகிறது.

இக்குறை தமிழின் இயல்பன்று. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைக்கப்படும் யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். ஒன்றன் மரம் நீரில் நின்று வலுவிழந்தது. மற்றொன்று வாள்வெட்டுப் பட்டது. வேறொன்று இடி விழுந்த மரத்தில் செய்தது. நரம்பினுள் மயிர் கிடப்பதையும் காட்டுகிறான். வாசிக்கும் முன் கருவியைச் சோதிப்பதும், விலக்குவதற்கான காரணத்தைப் பெயர் சொல்லி உரைப்பதும் அங்குக் கலையறிவின் பகுதியாகவே கருதப்படுகின்றன. அந்த அறிவு இன்றைய கருவிக்கும் பொருந்தும்.

முதற்சோதனை விரலுக்கு உரியது. இயல்பான பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தி தந்தியைத் தாக்கும். டிஜிட்டல் பியானோவில் தந்தி இல்லை. சுத்தியின் கனத்தைப் போலச் செய்யும் அமைப்பும், கட்டை இறங்கும் வேகத்தை அளக்கும் உணரிகளும் உண்டு. விலை ஏற ஏறத் திருந்துவன பெரும்பாலும் இந்த அமைப்பும் ஒலிபெருக்கிகளும் வெளிப்பேழையுமே. மூன்றாவதற்குக் கொடுக்கும் பணம் வரவேற்பறைக்குக் கொடுக்கும் பணம். முதலாவதைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். இடப்பக்கக் கட்டைகள் கனத்தும் வலப்பக்கக் கட்டைகள் இலேசாகவும் உள்ளனவா? மிக மெல்ல அழுத்தும்போது ஒலி சீராக எழுகிறதா? கட்டை முழுதும் மேலெழுமுன் பாதியிலேயே மீண்டும் அழுத்தினால் ஒலிக்கிறதா? கறுப்புக் கட்டைகளுக்கு இடையே விரலைச் செலுத்தி அழுத்தும்போது கை திணறுகிறதா? இவற்றில் தேறாத கருவி எத்தனை நூறு ஒலிகளை வைத்திருந்தாலும் பிள்ளையின் விரலைக் கெடுக்கும்.

விரலின் நுண்மையைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்பவர்கள் பாலக்காட்டை நினைக்க வேண்டும். பாலக்காடு மணி ஐயர் தம் பெயரில் தாங்கிய நாடு அது. மிருதங்கமும் செண்டையும் செய்யும் கைவினைஞர்கள் வாழும் பெருவெம்பும் அங்கேதான் உள்ளது. ஒரே கருவியில் விரல் படும் இடத்தையும் அழுத்தத்தையும் விடுப்பையும் மீட்டு, சாப்பு, அரைச்சாப்பு, கும்கி எனப் பிரித்தறியும் மொழி, கட்டையின் எதிர்ப்பையும் மீட்சியையும் விவரிக்க இயலாதது அன்று. அழுத்திய ஒலி எவ்வளவு நேரம் நின்று எப்படித் தேய்கிறது என்பதைக் கேட்க ‘கார்வை’ என்ற சொல்லே போதும்.

இரண்டாம் சோதனை சுருதிக்கு உரியது. பாடகரின் குரலை ‘ஐந்தரைக் கட்டை’ என்று அளக்கும் வழக்கே ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்ததுதான். கட்டை தமிழ் இசைப்பேச்சுக்குள் நுழைந்துவிட்டது. கமகம் கட்டைக்குள் நுழையவில்லை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியதற்குப் பின்னால் இருந்த வாதங்களுள் ஒன்று இது. சமமாகப் பகுத்த பன்னிரு சுரங்களில் அந்தர காந்தாரம் ஆதார சட்ஜத்திலிருந்து 400 சென்ட் தொலைவில் நிற்கும். தம்புராவின் நாதத்தோடு இழையும் காந்தாரம் ஏறத்தாழ 386 சென்டில் நிற்கும். பழகிய செவிக்கு இந்த 14 சென்ட் வேறுபாடு புலப்படும். பல உயர்விலை மாதிரிகளில் சுரப் பகுப்பை மாற்றும் வசதி உண்டு. ஆனால் விற்பனையாளர் அதைக் காட்டுவது அரிது. மறுபுறம், கீழ்விலைக் கீபோர்டுகள் பலவற்றில் உள்ள, சுரத்தை வளைக்கும் சக்கரம் உயர்விலைப் பியானோக்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. கீபோர்டு சத்யநாராயணன் கருநாடக இசையை வாசிக்கத் துணைநிற்பது அத்தகைய வளைப்பு வசதிதான். ஆகவே விலை உயர்ந்தது எல்லாப் பயனுக்கும் உயர்ந்தது அன்று.

மூன்றாம் சோதனை நிலத்துக்கு உரியது. இடுக்கி மலைகளின் ஈரம் மரத்தையும் கம்பளத்தையும் ஊறவைக்கும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றும் பங்குனி வெயிலும் அவற்றைச் சுருக்கும். இயல்பான பியானோ இவ்விரு நிலங்களிலும் சுருதி நில்லாமல் அலையும். சுருதி கூட்டுபவரை மலைக்கு அழைப்பதும் எளிதன்று. டிஜிட்டல் பியானோவை ஆதரிக்க வலுவான காரணம் இதுவே. ஆயினும் ஈரம் மின்சுற்றையும் உணரியையும் அரிக்கும். துலாவருடத்து இடி மின்கம்பி வழியே வீட்டுக்குள் நுழையும். சீவகன் விலக்கிய இடிவிழுந்த மரத்தின் இன்றைய வடிவம் அது. மழைக்காலத்தில் கருவியை மூடிவைப்பதும், வாசிக்காதபோது மின்செருகியைக் கழற்றிவைப்பதும் செலவில்லாத காப்புகள். பழுதானால் பூப்பாறைக்கோ வண்டிப்பெரியாற்றுக்கோ யார் வருவார், உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பவற்றை வாங்கும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். நன்கு பேணிய இயல்பான பியானோ தலைமுறை கடந்து ஒலிக்கும். டிஜிட்டல் கருவியின் ஆயுள் உதிரிப்பாகத்தின் ஆயுள்.

மூன்று சோதனைகளையும் சேர்த்து நோக்கினால் முடிவு தெளிவு. மேலைப் பியானோவை முறையாகக் கற்று, தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கட்டையமைப்பு நன்கமைந்த கருவி தேவை. அதற்கு மேற்பட்ட விலை பெரும்பாலும் அலங்காரம். கருநாடக இசையே நோக்கமெனில் அப்பணத்தின் சிறுபகுதி வீணைக்கோ வயலினுக்கோ போதும்.

இம்முடிவை எட்டத் தேவையான சொற்கள் கடைத்தாளில் இல்லை. பல்கலைக்கழகக் கலைச்சொல் பட்டியல்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. பியானோவுக்கு ஒரு தூய தமிழ்ப் பெயர் சூட்டுவதால் அக்குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. பெயர்ச்சொல்லைவிட அவர்களுக்குத் தேவைப்படுபவை வினைச்சொற்கள்: கட்டை எப்படி இறங்குகிறது, எப்படி மீள்கிறது, நாதம் எப்படித் தேய்கிறது. அச்சொற்கள் பெருவெம்புக் கைவினைஞரிடமும் பியானோ ஆசிரியரிடமும் பழுதுநீக்குபவரிடமும் பேச்சில் வாழ்கின்றன. மொழியியல் துறைகளின் களப்பணி அங்குச் செல்லுமாயின், அடுத்து வாங்க வரும் குடும்பம் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் கட்டையை அழுத்திப் பார்க்கும்.