எதிரிக்கும் ஒரு தாய் உண்டு

போர்த் திரைப்படங்களில் எதிரிச் சிப்பாயை இரக்கத்துக்குரிய மனிதனாகக் காட்டலாமா? காட்டினால் அவன் செய்த கொடுமைகள் மறந்துபோகும் என அஞ்சுவோர் உளர். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் காட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

1945இல் இவோ ஜிமா தீவில் அமெரிக்கரும் யப்பானியரும் மோதினர். அங்கிருந்த யப்பானியரில் பெரும்பாலானோர் உயிருடன் திரும்பவில்லை. அவர்களின் பக்கமிருந்து அப்போரைச் சொல்லும் 'லெட்டர்ஸ் ஃப்ரொம் இவோ ஜிமா' படத்தை 2006இல் இயக்கியவர் கிளின்ட் ஈஸ்ட்வுட் என்ற அமெரிக்கர்.

காயத்துடன் பிடிபட்டு இறந்த அமெரிக்கச் சிப்பாய்க்கு அவனது தாய் எழுதிய கடிதத்தை, யப்பானிய அதிகாரி ஒருவர் தம் வீரர்களுக்கு மொழிபெயர்த்து வாசிக்கிறார். தம் தாய்மார் எழுதுவதும் இதைத்தானே என்று அவர்கள் உணர்கின்றனர்.

அதே படம், பிடிபட்ட அமெரிக்கனை யப்பானியர் குத்திக் கொல்வதையும், சரணடைந்த யப்பானியரை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக் கொல்வதையும் மறைக்கவில்லை. இந்த நேர்மை இல்லாமல் எதிரிமீது இரக்கம் மட்டும் காட்டும் படம், பாதிக்கப்பட்டோருக்குச் செய்யும் துரோகமாகும்.

எதிரியை அரக்கனாக்குவது நமக்கு வசதியானது. கொடுமை செய்வோர் அரக்கர்களே, நாம் அப்படிச் செய்யமாட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடலாம். கொடுமை செய்தவனும் வீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தவன்தான் என்று அறியும்போது அந்த நிம்மதி குலைகிறது. அது குலையத்தான் வேண்டும்.