பெட்டியில 'ப்ரோ' எண்டு போட்டாக் காணுமோ?

இரண்டு வருசத்துக்கு முதல் கொழும்பில் ஒரு கடையில் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 'டீஜே ஸ்டூடியோ ப்ரொஃபெஷனல்' என்று போட்டிருந்தது. கடைக்காரத் தம்பி அதை என் காதில் மாட்டி, ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டு, "அண்ணை, பேஸைப் பாருங்கோ" எண்டான். பார்த்தேன். மண்டை அதிர்ந்தது. காசை எண்ணிக் குடுத்திட்டு வந்திட்டன்.

அந்த ஹெட்போனை நம்பி, இரவிரவாக முழிச்சிருந்து நண்பன் ஒருவனின் முதல் பாட்டை மிக்ஸ் பண்ணினேன். அடுத்த கிழமை ஒரு மினிபஸ்ஸில் ட்ரைவர் அண்ணையிடம் கெஞ்சி அதைப் போடுவித்தோம். கிக் ட்ரம் எங்கே? பேஸ் கிட்டார் எங்கே? ஈர்க்குச்சியால் சட்டியில் தட்டுற மாதிரி ஏதோ கேட்டது. நண்பன் யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு வந்தான். அடுத்த பாட்டு, ஏதோ பழைய சினிமாப்பாட்டு, பஸ்ஸையே குலுக்கியது.

நடந்தது இவ்வளவுதான். பாட்டில் இல்லாத பேஸை ஹெட்போன் தானாகக் கூட்டிக் காட்டியது. கூடிப்போச்சு எண்டு நினைச்சு நான் குறைச்சன். நான் குறைத்தது ஹெட்போனின் பேஸை இல்லை, பாட்டின் பேஸை.

ஆகவே, கோபத்தோடுதான் எழுதுகிறேன். 'டீஜேக்கும் ஸ்டூடியோவுக்கும்' என்று ஒரே பெட்டியில் எழுதுவதே முதலாவது பொய். ரெண்டும் ரெண்டு வேலை.

டீஜே என்ன செய்கிறார்? கலியாண மண்டபத்தில் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு காதால் மண்டபத்தையும் மற்றக் காதால் அடுத்து வரப்போகும் பாட்டின் கிக்கையும் கேட்கிறார். அவருக்கு வெளிச்சத்தம் உள்ளே வராத மூடிய ஹெட்போன் வேணும், ஒரு பக்கத்தைத் திருப்பிவிடக்கூடியதாக இருக்கவேணும், ஆயிரம் தரம் கழட்டி மாட்டினாலும் உடையக்கூடாது. நுணுக்கம் இரண்டாம் பட்சம். சென்ஹைஸர் எச்டி 25 ஐப் பாருங்கோ. 1988 இல் வந்தது. டீஜேக்களுக்காகச் செய்யப்பட்டதே அல்ல, ஒலிபரப்பு வேலைக்காரருக்காகச் செய்யப்பட்டது. பாரமில்லை, ஒரு பக்கம் திரும்பும், வயர், பஞ்சு, தலைப்பட்டி எல்லாத்தையும் தனித்தனியாக வாங்கி மாத்தலாம். அதனால்தான் டீஜேக்கள் அதைத் தங்கட ஆக்கினார்கள், பெட்டியில் எழுதியிருந்ததால் இல்லை. ஆனால் காதை அமத்தும். அதை மாட்டிக்கொண்டு அஞ்சு மணித்தியாலம் மிக்ஸ் பண்ணிப் பாருங்கோ, விளங்கும்.

ஸ்டூடியோவில் தேவை வேறு. பாட்டில் பிழை இருந்தால் பிழை எண்டு சொல்லவேணும். அதுக்குள்ளேயும் இரண்டு வேலை இருக்கு. பாடகர் மைக்குக்கு முன்னால் நிற்கும்போது மூடிய ஹெட்போன் வேண்டும், இல்லாவிட்டால் க்ளிக் சத்தம் மைக்குக்குள் போய்விடும். மிக்ஸ் பண்ணும்போது முதுகு திறந்த ஹெட்போன் வசதி, சத்தம் ஒடுங்காமல் கேட்கும், காதும் கெதியாகக் களைக்காது. ஒன்றுதான் வாங்க ஏலும் எண்டால் மூடியதை வாங்குங்கள். சோனி எம்டிஆர்-7506 1991 இலிருந்து விற்கிறது. மேல் ஒலிகளைக் கொஞ்சம் கூர்மையாகக் காட்டும், எங்கட வெக்கையிலும் வியர்வையிலும் காதுப்பஞ்சு உரியும், வயரைக் கழட்ட ஏலாது. ஆனாலும் அதன் குணம் பழகிப்போனால் நம்பலாம். இதற்கும் போலி இருக்கிறது, நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீங்கோ.

அடுத்தது ஓம்ஸ் பைத்தியம். என்ர சிநேகிதன் ஒருத்தனுக்கு லண்டனிலிருந்து மாமா பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ கொண்டுவந்தார். 32, 80, 250 ஓம்ஸ் எண்டு மூண்டு விதமாய் வாற சாமான் அது. "பெரிய நம்பர்தானே நல்லது" எண்டு மாமா 250 ஐ வாங்கிவிட்டார். போனில் குத்தினால் ஆரோ அடுத்த வீட்டில பாடுற மாதிரிக் கேக்குது. நம்பர் கூடினால் தரம் கூடாது, அதை ஓட்ட நல்ல அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம். லப்டொப்பும் போனும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் குறைந்த ஓம்ஸ் எடுங்கள், மாமாவுக்கும் முதலே மெசேஜ் போடுங்கள்.

ப்ளூடூத்? சாதாரணமாகவே 200 மில்லிசெக்கன் அளவுக்குப் பிந்தும். 120 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 500 மில்லிசெக்கன். கணக்கை நீங்களே போடுங்கோ.

இதையெல்லாம் சொன்னால் சிலர் வருவார்கள்: "ஒரு லட்சத்துக்கு ஹெட்போன் இல்லாட்டி உனக்கேன் மச்சான் மியூசிக்?" இவர்களோடும் எனக்குச் சண்டை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது எங்கட பெடியளுக்கும் பெட்டையளுக்கும் கையில் இருந்தது ஒட்டுப்போட்ட வயர் ஹெட்போன்தான். அதிலும் பாட்டு வந்தது. மலிவான ஹெட்போன் குற்றமில்லை, பொய் சொல்லுற ஹெட்போன்தான் குற்றம். எந்த ஹெட்போனானாலும், மிக்ஸ் முடிய போன் ஸ்பீக்கரிலும் ஓட்டோவிலும் பஸ்ஸிலும் போட்டுக் கேளுங்கள். ஹெட்போனில் இடது சத்தம் இடது காதுக்கு மட்டும்தான் போகும், அறையில் இரண்டு காதுக்கும் போகும். அதை எந்த விலையும் மாத்தாது.

காசை விடவும் பெரிய விசயம் காது. 85 டெசிபலில் 8 மணித்தியாலம் என்பது ஒலிப் பாதுகாப்புக்காரர் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடவும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிசம்தான். வெளிச்சத்தத்தை மறைக்காத ஹெட்போனோடு மண்டபத்தில் நிற்கும் டீஜே, மண்டபத்தை வெல்ல வொலியூமைக் கூட்டிக்கொண்டே போவார். இருபது வயசுப் பெடியன் வீட்டை வந்து, காதுக்குள்ள 'கீ' எண்டு கேக்குது எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறான். அது சிரிக்கிற விசயமில்லை, போன கேள்வி திரும்பி வராது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்களுக்கு வடிவாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போனில் கொண்டுபோங்கள். கடைக்காரர் தன்ர குத்துப்பாட்டைத்தான் போடுவன் எண்டால் நன்றி சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள்.

நண்பனின் பாட்டை இரவல் ஹெட்போனில் திரும்ப மிக்ஸ் பண்ணினோம். அந்த 'ப்ரொஃபெஷனல்' இப்ப என்ர தம்பியிட்ட. பப்ஜி விளையாட நல்லாத்தான் இருக்காம்.