நடைமுறைக்கு வராத பிரிவு

பெங்களூரு நகரின் நடுவே உள்ள சுதந்திரப் பூங்கா, ஒரு காலத்தில் மத்திய சிறைச்சாலையாக இருந்தது. 1975 ஜூன் 26-ம் தேதி காலை, வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகிய எதிர்க்கட்சித் தலைவர்கள் அந்நகரில் கைது செய்யப்பட்டு அங்கு அடைக்கப்பட்டனர். கட்சித்தாவல் தடை மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் கூட்டத்துக்காக வந்திருந்தவர்கள் அவர்கள். முந்தைய இரவில்தான் நெருக்கடிநிலை பிரகடனம் செய்யப்பட்டிருந்தது.

அவர்களது ஆட்கொணர்வு மனுக்களை கர்நாடக உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஆனால், நெருக்கடிநிலையின்போது காவலில் உள்ளவர் அத்தகைய நிவாரணம் கோரி நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரல் 28-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா மட்டுமே மாறுபட்டார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது.

சிறையிலிருந்து மீண்டவர்களில் பலர் ஜனதா ஆட்சியில் அமைச்சர்களாயினர். அந்த ஆட்சி கொண்டுவந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம், உயிர்வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் நெருக்கடிநிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது. அதே திருத்தத்தின் 3-வது பிரிவு, ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. அக்குழுவை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும், பதவியில் உள்ள நீதிபதியே அதற்குத் தலைமை வகிக்க வேண்டும் என்றும் கூறியது.

திருத்தத்தின் மற்ற பிரிவுகள் 1979-ல் நடைமுறைக்கு வந்தன. 3-வது பிரிவுக்கு மட்டும் மத்திய அரசு இன்றுவரை தேதி குறிக்கவில்லை. 1981 டிசம்பரில் இது குறித்து உத்தரவிட உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது. முடிவு அரசின் கையில் விடப்பட்டது.

காங்கிரஸ் அரசுகள் இதில் அக்கறை காட்டாததில் வியப்பில்லை. ஆனால், 1998 முதல் 2004 வரை பிரதமராக இருந்தவர் வாஜ்பாய். உள்துறையைக் கவனித்தவர் அத்வானி. அவர்களது அரசு நியமித்த, பெங்களூருவைச் சேர்ந்த முன்னாள் தலைமை நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான ஆணையம், சில மாற்றங்களுடன் இப்பிரிவை நடைமுறைப்படுத்துமாறு 2002-ல் பரிந்துரைத்தது. அப்போதும் எதுவும் நடக்கவில்லை.

அரசின் அதிகாரம் அரசியல் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பதே அமெரிக்கப் பழமைவாதச் சிந்தனையின் அடிப்படை. அங்கும் தங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போது பலர் அதை மறந்துவிடுகின்றனர் என்பது உண்மையே. எனினும், 2004-ல் ஹம்தி வழக்கில் நீதிபதி அன்டோனின் ஸ்காலியா மறக்கவில்லை. அவர் குடியரசுக் கட்சி அதிபர் ரீகனால் நியமிக்கப்பட்டவர். அமெரிக்கக் குடிமகனைக் குற்றச்சாட்டின்றிச் சிறையில் வைக்க அதிபர் புஷ்ஷின் அரசுக்கு அதிகாரமில்லை. நாடாளுமன்றம் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைக்காதவரை, அவர்மீது வழக்குத் தொடர வேண்டும் அல்லது விடுவிக்க வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பில் அவர் எழுதினார். கொள்கைக்கு உண்மையான சோதனை, தம்மவர் ஆளும்போதுதான் வருகிறது.

பயங்கரவாத அச்சுறுத்தல் உள்ள நாட்டில் தடுப்புக் காவல் தேவை என்ற வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் 3-வது பிரிவு தடுப்புக் காவலை ஒழித்துவிடவில்லை. சுதந்திரமான பரிசீலனை ஒரு மாதம் முன்னதாக நடைபெற வேண்டும் என்று மட்டுமே கோருகிறது. அது நடைமுறைக்கு வந்தால், 1982-ம் ஆண்டு முதல் இரு திராவிடக் கட்சிகளின் ஆட்சியிலும் பயன்படுத்தப்பட்டு வரும் தமிழகத்தின் குண்டர் தடுப்புச் சட்டமும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். மிசா சிறைவாசத்தைப் பெருமையுடன் நினைவுகூரும் தி.மு.க.வும் இக்கோரிக்கையை எழுப்பக் கடமைப்பட்டுள்ளது.

ஜூன் 25-ம் தேதி 'அரசியல் சட்டப் படுகொலை தினமாக' அனுசரிக்கப்படும் என்று மத்திய அரசு 2024-ல் அறிவித்தது. அந்தப் படுகொலைக்குப் பரிகாரமாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்பு ஒன்று, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டளவில் கிடக்கிறது. அதற்கு உயிரூட்ட புதிய சட்டம் தேவையில்லை; நாடாளுமன்றப் பெரும்பான்மையும் தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.