பாதாளத்தில் கார் எதற்கு?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது ‘காவ்’ என்ற சொல் பாடத்தில் வந்தது. வீட்டுக்கு அடியில் ஒயின் வைக்கும் அறை என்றார் ஆசிரியர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் கடற்கரைப் பிள்ளைகளான எங்களுக்கு அது கதையாகத்தான் இருந்தது. இன்று செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் சாலையிலும் எழும்பும் அடுக்குமாடிகளில் பூமிக்கடியில் கார் நிறுத்துமிடம் கட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் மணல். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். செங்கல்பட்டில் ஏரியையொட்டிய களிமண்ணில் பெய்த நீர் சட்டென்று இறங்காது; சுவரோரம் நின்று உள்நோக்கி அழுத்தும். உட்புறம் எத்தனை பூச்சு பூசினாலும் அந்த அழுத்தம் பெயர்த்துவிடும். நீர்த்தடுப்பு வேலையை வெளிச்சுவரில், மண் நிரப்புவதற்கு முன்பே செய்ய வேண்டும். பிறகு மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை.

கசிவுதானா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்தால் கசிவு. நம் பக்கம் முத்துமுத்தாக நின்றால் காற்றோட்டம் போதவில்லை.

தனி வீட்டுக்காரர்கள் அடைமழையில் சம்ப்பைக் காலிசெய்து கழுவாதீர்கள். 12 கன மீட்டர் தொட்டியை நிலத்தடி நீர் முழுக்கச் சூழ்ந்தால் 12 டன் அளவுக்கு மேலே தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்பாரம்.

பாதாளமே கட்டாதவர் வீடும் பாதாளமாகும் வேடிக்கையும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதினார். நல்ல உத்தரவு. எங்கள் தெருவில் மூன்று படி ஏறிய வாசலுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம்.

டெல்லி பழைய ராஜேந்திர நகரில் 2024 ஜூலை 27 அன்று பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அனுமதி கொடுத்தது வாகனத்துக்கும் சாமானுக்கும், நடந்தது நூலகம். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், கோப்பில் உள்ளதுதான் கட்டடத்திலும் இருக்கிறதா என்று இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஏற்கெனவே அடித்தளம் உள்ள குடியிருப்பில் இருந்தால், சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்: சாய்தளத்தின் தலைப்பில் மேடு இருக்கிறதா? மின்சாரம் நின்றால் ஓட டீசல் பம்பு உண்டா? ஜெனரேட்டரையும் மின்பலகையையும் கீழேயே வைத்திருக்கிறார்களா? மழை வலுக்குமுன் காரை மேலே கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டால் காருக்காகக் கீழே போகாதீர்கள்.